இறங்கி ஏறும் இடம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அழைப்பிதழில் 'பெருநகரப் பயணம்' என்று தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். உலகத்துப் பெருநகரங்களையெல்லாம் ஒரு மணி நேரத்தில் சுற்றிக்காட்ட என்னால் ஆகாது. எனக்குத் தெரிந்த ஊர் சென்னை. அதிலும் ஒரே ஒரு சங்கதியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரு வண்டியிலிருந்து இறங்கி இன்னொரு வண்டியில் ஏறுகிறோமே, அந்த இடம். நம் ஊரில் ரயிலைப் பற்றிப் பேசியிருக்கிறோம், பஸ்ஸைப் பற்றிப் பேசியிருக்கிறோம், மெட்ரோவைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த இடத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பெருங்கூட்டமுள்ள ஒரு ஊரின் போக்குவரத்து நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது இங்கேதான் முடிவாகிறது என்பது என் கட்சி.

சென்னைக்காரர்கள் தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்பதில்லை. வாடகைக்கு வீடு பார்க்கப் போனாலும், பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்தாலும், புது வேலை கிடைத்தாலும், வீட்டில் எழும் முதல் கேள்வி, "நேர் பஸ் இருக்கா, மாறணுமா?" என்பதுதான். ஒரு தடவை மாறணும் என்றால் சரி, பார்க்கலாம் என்பார்கள். இரண்டு தடவை என்றால் வேறு வீடு பார்ப்பார்கள். பெரம்பூரில் கிளம்பிப் பெசன்ட் நகர் வரை ஊரைக் குறுக்கே கடந்து போகிற 29சி-க்கும், பாரிமுனையிலிருந்து மயிலாப்பூர், அடையாறு வழியாகத் தாம்பரம் பக்கம் போகிற 21ஜி-க்கும் இந்த ஊரில் தனி மரியாதை உண்டென்றால் அது இதனால்தான். ஏறி உட்கார்ந்துவிட்டால் கவலை விட்டது. உட்கார இடம் கிடைக்காவிட்டாலும், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றுவிட்டால் போதும்.

இதை ஏதோ சோம்பேறித்தனம் என்று நினைக்கக் கூடாது. போக்குவரத்துத் திட்டம் போடுகிறவர்களே தங்கள் கணக்கில், காத்திருக்கும் ஒரு நிமிடத்தை வண்டியில் போகும் ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்குச் சமமாக வைப்பது வழக்கம். ஓடுகிற வண்டியில் நேரம் போவது தெரியாது. நிறுத்தத்தில் நிற்கும்போது ஒவ்வொரு நிமிடமும் தெரியும். அடுத்த பஸ் எப்போது என்று தெரியாமல், நிழல் இல்லாமல், மே மாத வெயிலில் நிற்கிறவருக்கு இரண்டு மடங்கு என்பதே சலுகைக் கணக்கு. "மாறணுமா?" என்று கேட்கிற வீட்டுப் பெண்மணி இந்தப் பாடத்தைப் பல்கலைக்கழகத்துக்குப் போகாமலே படித்து முடித்தவர்.

வண்டிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் மூவாயிரத்துச் சொச்சம் பஸ்கள் இருக்கின்றன. கடற்கரையிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு என்று தெற்கே ஒரு தடம், ஆவடி, திருவள்ளூர் என்று மேற்கே ஒரு தடம், கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே ஒரு தடம் என்று மின்சார ரயில் ஓடுகிறது. வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் போகிறது. 2015-ல் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை ஓடத் தொடங்கிய மெட்ரோ, 2021-ல் விம்கோ நகர் வரை நீண்டு 54 கிலோமீட்டர் ஆனது. ஒவ்வொன்றையும் ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிர்வாக இயக்குநரோ பொது மேலாளரோ இருக்கிறார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற முந்நூறு அடி தூரத்துக்கு ரிப்பனும் கிடையாது, மேலாளரும் கிடையாது. குழி விழுந்தால் மாநகராட்சியா நெடுஞ்சாலைத் துறையா ரயில்வேயா என்று மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள்.

சென்ட்ரலை எடுத்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலிருந்து ஒரு சத்தம் போட்டால் கேட்கிற தூரத்துக்குள் அங்கே ஐந்து ரயில் நிலையங்கள். வெளியூர் வண்டிகள் புறப்படும் சிவப்புக் கட்டடம். அதை ஒட்டி, ஆவடி, கும்மிடிப்பூண்டி மின்சார ரயில்களுக்கு மூர் மார்க்கெட் வளாகம். பழைய மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோன பிறகு அதே இடத்தில் எழுந்தது அது. சாலைக்கு எதிர்ப்புறம் பார்க் ஸ்டேஷன், தாம்பரம் தடத்துக்கு. பொது மருத்துவமனையைத் தாண்டிப் பூங்கா நகர், வேளச்சேரித் தடத்துக்கு. இத்தனைக்கும் அடியில், பூமிக்குள், மெட்ரோ.

ஆவடியிலிருந்து வந்து தாம்பரம் பக்கம் போக வேண்டியவர் என்ன செய்கிறார்? மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்குகிறார். கூட்டத்தோடு வெளியே வந்து, ஆட்டோக்காரர்களின் அழைப்புகளைத் தாண்டி, சுரங்கப்பாதையில் இறங்குகிறார். அங்கே பெல்ட், செல்போன் உறை, இயர்போன், சீசனுக்கேற்ற பழம் எல்லாம் இருமருங்கும் விரித்திருக்கும். எதிரே பார்க்கிலிருந்து வருகிற கூட்டம் அதே அகலத்துக்குள் மோதும். மழை நாளென்றால் படியெல்லாம் சேறு. ஏறி வெளியே வந்து, மறுபடியும் ஸ்டேஷன் படி ஏறி, நடைமேடைக்கு இறங்கும்போது தாம்பரம் வண்டி நகர்ந்துகொண்டிருக்கும். ஓடிப்போய்ப் பிடித்துத் தொங்குகிறவர்களைப் பார்த்து, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உயிர்மேல் பயமே இல்லை" என்று சொல்வது சுலபம். அந்தப் படிகளை ஒரு தரம் கையில் பையோடு ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

ஏன் இப்படி? பதில் நூறாண்டுக்கு முன்னால் இருக்கிறது. அப்போது ரயில் இரண்டு கம்பெனிகளின் கையில் இருந்தது. சென்ட்ரல், மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் சொத்து, அகலப்பாதை. 1908-ல் கட்டி முடித்த எழும்பூர், சவுத் இந்தியன் ரயில்வேயின் சொத்து, மீட்டர் பாதை. ஒருவர் பெட்டி மற்றவர் தண்டவாளத்தில் ஏறாது. சுமார் 2 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு பெரிய நிலையங்கள். டெல்லியிலிருந்து வந்து மதுரைக்குப் போகிற குடும்பம் மூட்டை முடிச்சோடு இறங்கி ஏறியது இதனால்தான். 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோதும் அது மீட்டர் பாதைக் கம்பெனியின் தடத்தில், அதன் எல்லைக்குள்தான் ஓடியது. 1951-ல் இரண்டு கம்பெனிகளும் தென்னக ரயில்வே என்று ஒன்றாயின. 2004-ல் கடைசி மீட்டர் பாதை மின்சார ரயிலும் நின்றது. கம்பெனிகள் போய்விட்டன, பாதைகளின் அகலமும் ஒன்றாகிவிட்டது. அவர்கள் போட்ட வேலி மட்டும் சுரங்கப்பாதை வடிவத்தில் இன்னும் நிற்கிறது. கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து கடற்கரை வழியாக நேரே தெற்கே போகிற ரயில்கள் சில உண்டு. அவற்றின் நேரத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறவர்கள் பாக்கியசாலிகள்.

நேற்றுக் கட்டியவற்றிலும் இதே குறைதான். பறக்கும் ரயில் 1995-ல் சேப்பாக்கம் வரை வந்தது, 1997-ல் மயிலாப்பூரைத் தொட்டது, 2007-ல்தான் வேளச்சேரியை அடைந்தது. அதைப் பெரும்பாலும் பக்கிங்காம் கால்வாய்மேல் தூண் நட்டுக் கொண்டுபோனார்கள். நிலம் வாங்க வேண்டாம், வீடு இடிக்க வேண்டாம், வழக்கு வராது. பணக் கணக்கில் அது கெட்டிக்காரத்தனம்தான். கால்வாயின் பாடு என்ன ஆயிற்று என்பது தனிச் சொற்பொழிவுக்கான விஷயம். ஆனால் கால்வாய் ஓடுகிற இடத்தில் கடைத்தெருவும் இல்லை, பஸ் நிறுத்தமும் இல்லை. மக்கள் நிற்கிற இடத்துக்கு ஸ்டேஷன் போகவில்லை. ஸ்டேஷன் கட்டிய இடத்துக்கு மக்கள் வர வேண்டியிருந்தது. திருமண மண்டபம் போல உயர்ந்து நிற்கும் அந்தக் கட்டடங்களில் மாடிக்கு மாடி காலி. ராத்திரி எட்டு மணிக்கு மேல் தனியாகப் படியேற ஒரு பெண் யோசிப்பாள். வேளச்சேரியில் இறங்கினால் விஜயநகர் பஸ் நிலையம் ஒரு கிலோமீட்டருக்கு மேல். அந்த ஒரு கிலோமீட்டரில் பஸ்ஸும் ரயிலும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமலே பல வருடம் ஓடின. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு மிச்சமிருந்தது 5 கிலோமீட்டர். 2008-ல் எடுத்த வேலை, ஆதம்பாக்கத்தில் ஒரு சிறு துண்டு நிலத்தகராறில் மாட்டி, பதினைந்து வருடத்தைத் தாண்டி இழுத்தது. தாம்பரம் ரயிலும் பறக்கும் ரயிலும் மெட்ரோவும் சந்திக்க வேண்டிய இடம் அது. சந்திக்கிற இடம் என்பதால்தான் அவசரம் யாருக்கும் இல்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

எழும்பூர் வரை நாலாவது தண்டவாளம் போடுவதற்காக 2023 ஆகஸ்டில் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள். 7 மாதம் என்றார்கள். 14 மாதம் கழித்து 2024 அக்டோபர் கடைசியில்தான் திரும்ப ஓடியது. வரைபடத்தில் பார்த்தால் சில ஸ்டேஷன்கள்தான், மற்ற பகுதியில் ரயில் வழக்கம்போலப் போய்வந்துகொண்டிருந்தது. ஆனால் வட சென்னைக்காரருக்குத் தரமணிக்கோ திருவான்மியூருக்கோ போகிற வழியில் அந்தச் சந்திப்பு அறுந்துபோனது. சங்கிலியில் ஒரு கண்ணி போனால் மற்றக் கண்ணிகள் கெட்டியாக இருந்து என்ன பயன்?

அரசு விட்ட இடத்தை யார் நிரப்பினார்கள் என்று கேட்டால், ஷேர் ஆட்டோக்காரர்கள். அதிகாரிகள் அவர்களைத் தொல்லை என்பார்கள். வளைவில் நிறுத்துகிறார்கள், அளவுக்கு மேல் ஏற்றுகிறார்கள், பர்மிட் ஒன்று ஓட்டம் ஒன்று. எல்லாம் உண்மைதான். ஆனால் ஷேர் ஆட்டோ வரிசை கட்டி நிற்கிற இடங்களை ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். ஸ்டேஷன் வாசலில் ஒரு புள்ளி, ஸ்டேஷனிலிருந்து விலகி நிற்கிற பஸ் நிலையத்தில் ஒரு புள்ளி. பழைய மாமல்லபுரம் சாலையில் கம்பெனிகள் முளைத்தபோது அவற்றின் வாசலில் புள்ளிகள். திட்டமிட்டவர்கள் மறந்த இடங்களெல்லாம் அந்த வரைபடத்தில் இருக்கும். பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் அந்த மறதியை அவர்கள் ஈடுகட்டினார்கள். 2013 அக்டோபரில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் சிற்றுந்துகளை விட்டது. உள்தெருக்களிலிருந்து பெரிய சாலைக்கும் ஸ்டேஷனுக்கும் ஆட்களைக் கொண்டுவரும் நல்ல யோசனை. பக்கவாட்டில் வரைந்த இலைகள் கட்சிச் சின்னத்தைப் போல இருக்கின்றன என்று வழக்கு நடந்ததுதான் நம் நினைவில் நிற்கிறது. அந்தச் சின்ன வண்டி எந்த ஸ்டேஷன் வாசல்வரை போனது, எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வந்தது என்று யாரும் சண்டை போடவில்லை.

நேர் பஸ்ஸுக்கு வருவோம். எல்லோருக்கும் நேர் பஸ் வேண்டும் என்பதால் கழகமும் நீள நீளமாகத் தடங்களைப் போட்டது. ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரே வண்டி. அதற்கு ஒரு விலை உண்டு. நீளத் தடத்தில் முதல் பஸ் கொஞ்சம் தாமதமாகிறது என்று வையுங்கள். அடுத்த நிறுத்தத்தில் கூடுதல் ஆட்கள் சேர்ந்திருப்பார்கள். அவர்களை ஏற்ற இன்னும் நேரமாகும். அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம். பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஏற்ற ஆள் இல்லை, அது வேகமாக வந்து முன்னதை எட்டிவிடும். மூன்றாவதும் வந்து சேரும். முக்கால் மணி நேரம் ஒன்றுமே வராமல், பிறகு ஒரே எண்ணில் மூன்று பஸ் வரிசையாக வருகிறதே, அது டிரைவர்கள் டீக்கடையில் பேசிவைத்துச் செய்வதல்ல. நீளத் தடத்தின் சுபாவம் அது. நடுவில் சிக்கிக்கொண்டால் பாதியில் திருப்பிவிட 'கட் சர்வீஸ்' என்று ஒன்று. பலகையில் பெசன்ட் நகர் என்று பார்த்து ஏறியவரை அடையாறிலேயே இறக்கிவிட்டால், அவர் அன்றைக்குப் பேசுகிற பேச்சை இந்த அவையில் சொல்ல முடியாது. குட்டைத் தடங்களாகப் பிரித்து, ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக ஓட்டினால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் அப்போது மாற வேண்டிவரும். மாறுவதைச் சுலபமாக்காதவரை மக்கள் நீளத் தடத்தை விடமாட்டார்கள், விடவும் கூடாது.

மாறுவதில் காலுக்கு உள்ள கஷ்டத்தைச் சொன்னேன். பைக்கு உள்ள கஷ்டம் அதைவிடப் பெரிது. சென்னை பஸ்ஸில் கண்டக்டர் பெரும்பாலும் தன் சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டார், எழுந்தாலும் நகர முடியாது. முன்படிக்குப் பக்கத்தில் சிக்கியவர் இருபது ரூபாய்த் தாளை நீட்டி, "வடபழனி ஒண்ணு" என்பார். அது ஏழெட்டுக் கை மாறிப் பின்னால் போகும். கண்டக்டர் விரலிடுக்கில் தாள்களை நீளவாக்கில் மடித்துச் செருகியிருப்பார். எச்சில் தொட்ட விரலால் டிக்கெட்டைக் கிழித்து, சில்லறையை அதில் சுற்றி, "வடபழனி யாருப்பா?" என்று அனுப்புவார். அதே ஏழெட்டுக் கை வழியாகச் சில்லறை குறையாமல் வந்து சேரும். ஒருவரை ஒருவர் பேர்கூடக் கேட்டுக்கொள்ளாத கூட்டத்தில் நடக்கிற நாணயம் அது. இப்போது கைக்கருவியும் க்யூஆர் கோடும் வந்துவிட்டன. நாணயம் குறையவில்லை, வேலைதான் குறைந்தது.

அந்த டிக்கெட் அந்தப் பஸ்ஸுக்கு மட்டும்தான். இறங்கி இன்னொன்றில் ஏறினால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். 2018 ஜனவரியில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய் ஆனது. ஸ்டேஜ் கூடக் கூடக் கட்டணம் கூடும் வேகம் குறையும் என்பதால், ஒரே வண்டியில் நெடுந்தூரம் போகிறவருக்கு லாபம். பக்கத்துப் பக்கத்து இடங்களுக்கு மூன்று வண்டி மாறுகிறவர் மூன்று முறை ஆரம்பக் கட்டணம் கொடுக்கிறார். மூன்று வீடுகளில் வேலை பார்க்கும் பெண், காலையில் குழந்தையைப் பள்ளியில் விட்டு, வேலை முடிந்து சந்தைக்குப் போய், ரேஷன் கடை வழியாகத் திரும்புகிறாள். ஒருநாளைக்கு நாலைந்து தடவை ஏறி இறங்குகிற பயணம் அது. அலுவலகத்துக்குப் போய்த் திரும்புகிற ஆணின் பயணம் ஒரு நேர்க்கோடு. நம் கட்டணம் முழுக்க நேர்க்கோட்டுக்காரருக்காகப் போட்டது. 1000 ரூபாய்க்கு விருப்பம்போல் பயணம் செய்யும் மாதப் பாஸ் இருக்கிறது, நல்ல பாஸ். முதல் தேதியன்று ஆயிரம் ரூபாயைச் சேர்த்து எடுத்துவைக்க முடிகிறவர்களுக்கு.

2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆணை வந்தது. பின்னர் திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அது விரிந்தது. இதைப் பற்றி நடந்த விவாதம் முழுக்கப் பணத்தைச் சுற்றியே இருந்தது. எவ்வளவு மிச்சம், அரசுக்கு எவ்வளவு செலவு, இலவசம் சரியா தப்பா. அதைவிட முக்கியமான ஒன்று அங்கே சத்தமில்லாமல் நடந்தது. மாறுவதற்கான கட்டணம் ஒழிந்தது. அதுவரை நேர் பஸ்ஸுக்காக அரை மணி நேரம் நின்றவள், முதலில் வந்த பஸ்ஸில் ஏறி, அது திரும்புகிற இடத்தில் இறங்கி, அடுத்ததில் ஏறத் தொடங்கினாள். இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கிக் காய்கறி வாங்கிக்கொண்டு மறுபடி ஏறலாம். மருத்துவமனைக்குப் போகிற வழியில் தங்கையைப் பார்க்கலாம். உலகத்துப் பெருநகரங்களில் ஒருங்கிணைந்த டிக்கெட் என்று பெரிதாகச் சொல்வதன் சாரம் இவ்வளவுதான். எத்தனை வண்டி மாறினாலும் பயணம் ஒன்றே என்று கணக்கு வைப்பது. சென்னையில் அது முதன்முதலில் முழுசாக நிறைவேறியது பூஜ்ய ரூபாய் டிக்கெட்டில். முன்பக்கம் இளஞ்சிவப்பு அடித்த பஸ்ஸோடு அது முடிந்துவிடுகிறது என்பது வேறு. டீலக்ஸ் வந்தால் அவள் ஒதுங்கி நிற்கிறாள், ரயிலில் ஏறினால் டிக்கெட் எடுக்கிறாள்.

சிங்கப்பூரில் 2010-ல் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் சேர்த்து மொத்தத் தூரத்துக்குக் கட்டணம் என்று மாற்றினார்கள். இடையில் வண்டி மாறினாலும் அட்டையில் தூரம் தொடர்ந்து கூடும், ஆரம்பக் கட்டணம் திரும்ப வராது. நம் உறவுக்காரர்கள் அங்கே போய்விட்டு வந்து, "பஸ் ஏசி, ரயில் ஏசி" என்று சொல்வார்கள். இதைச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. நம் ஊரிலும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு, சுருக்கமாகக் கும்டாவுக்கு, 2010-லேயே சட்டம் போட்டாயிற்று. அது எழுந்து நடமாட இன்னும் பத்து வருடம் பிடித்தது. 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலி வந்தது. பஸ், மின்சார ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே திரையில் டிக்கெட் எடுக்கலாம். வரிசைகள் மிச்சம், வரவேற்கிறேன். ஆனால் மூன்று டிக்கெட்டை ஒரே உறையில் போட்டுக் கொடுப்பதும், மூன்று பயணத்தை ஒன்றாக எண்ணிக் கட்டணம் குறைப்பதும் ஒன்றல்ல. இரண்டாவதற்கு மூன்று நிர்வாகங்கள் உட்கார்ந்து வருமானத்தைப் பங்குபோட வேண்டும். அதற்குச் செயலி எழுதுகிறவர்கள் போதாது.

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறந்தார்கள். தென்மாவட்ட பஸ்கள் கோயம்பேட்டை விட்டு அங்கே போயின. முனையம் பிரமாதம். குடிதண்ணீர், கழிப்பறை, மருத்துவ வசதி, உட்கார இடம், குறை சொல்ல முடியாது. பக்கத்திலேயே ரயில் தண்டவாளம் ஓடுகிறது. திறந்த அன்றைக்கு அங்கே ரயில் நிற்க ஸ்டேஷன் இல்லை. அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள், திருவொற்றியூரிலிருந்தோ அம்பத்தூரிலிருந்தோ கிளாம்பாக்கம் வந்துசேரவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது என்று சொல்லி அலுத்துக்கொண்டதை நாம் எல்லோரும் கேட்டோம். விடிகாலை மூன்று மணிக்குத் திருநெல்வேலி பஸ்ஸில் வந்து இறங்கிய வயதான தம்பதிக்கு, ஊரிலிருந்து வந்த கட்டணத்துக்குச் சமமாக ஆட்டோவுக்குக் கேட்டார்கள் என்றால் அது ஆட்டோக்காரரின் பேராசை மட்டும்தானா? கட்டடத்தை ஒரு துறை கட்டியது, தண்டவாளம் இன்னொரு துறையுடையது. நடுவில் ஜிஎஸ்டி சாலை.

மாறுவது என்றால் கடைசியில் நடப்பதுதான். சென்னை மாநகராட்சி 2014-ல் நடைக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்று கொள்கையே வெளியிட்டது. 2019-ல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தி உட்கார இருக்கை போட்டுக் காட்டினார்கள். 2023 மேயில் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை ஆகாய நடைமேம்பாலம் திறந்தார்கள், 570 மீட்டர், லிஃப்ட்டோடு. ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை புகுந்து வெளியே வந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பஸ்ஸும் ரயிலும் கைகோத்துக்கொண்ட அபூர்வமான இடம் அது. மாம்பலம் ரயில் நிலையம் அங்கே வந்து நூறாண்டுக்கு மேல் ஆயிற்று என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். படி உயரமான பஸ்ஸில் ஏற முடியாதவர்கள் மாறுவதைப் பற்றி யோசிப்பதே இல்லை, ஏனென்றால் அவர்களால் முதல் வண்டியிலேயே ஏற முடியாது. நீதிமன்றத்தில் நெடுங்காலம் வாதாடிய பிறகு 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பஸ்கள் வந்தன. வண்டி சற்றுச் சாய்ந்து கொடுக்கிறது, சாய்வுப் பலகை விரிகிறது. ஆனால் நிறுத்தத்தில் பஸ் ஓரத்தை ஒட்டி நிற்க வேண்டும். அங்கே பைக் நிறுத்தியிருக்கும், தள்ளுவண்டி நிற்கும், பஸ் நடுச்சாலையில் நிற்கும். பலகை தார்ச்சாலையில்தான் விரியும். கோடிக்கணக்கில் வண்டிக்குச் செலவழித்துவிட்டு, அந்த மூன்றடி ஓரத்தைக் காலியாக வைக்க நமக்கு ஒரு வழி தெரியவில்லை.

இப்போது தோண்டிக்கொண்டிருக்கும் மெட்ரோ இரண்டாம் கட்டம், முதல் கட்டத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பெரியது, மூன்று தடங்கள். அதில் திருமயிலை நிலையத்தை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். மாதவரத்திலிருந்து சிறுசேரிக்குப் போகும் தடமும், கலங்கரை விளக்கத்திலிருந்து பூவிருந்தவல்லிக்குப் போகும் தடமும் அங்கே பூமிக்குள் பல அடுக்கு ஆழத்தில் சந்திக்கப் போகின்றன. தலைக்கு மேலே பறக்கும் ரயில் ஸ்டேஷன். கூப்பிடு தூரத்தில் லஸ் முனை, நகரத்தின் மிகப் பழைய பஸ் சந்திப்புகளில் ஒன்று. அதற்கும் முன்னால் டிராம் வந்து நின்ற இடம். 1895-ல் ஓடத் தொடங்கி 1953-ல் நின்றுபோன டிராம். பங்குனித் திருவிழாவுக்கு அறுபத்து மூவர் பவனி வரும்போது அங்கே எள் போட்டால் எள் விழாது.

அத்தனை ஆழத்திலிருந்து மேலே வருகிற நகரும் படிக்கட்டு எங்கே முடியும்? பறக்கும் ரயில் நடைமேடைக்கு நேரே போக வழி உண்டா, அல்லது வெளியே வந்து சாலையைக் கடந்து மறுபடி படியேற வேண்டுமா? 21ஜி நிற்கிற இடம் எந்த வாசலுக்கு எதிரே? மழைக்கு ஒதுங்காமல் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக முடியுமா? இரவு பத்து மணிக்கு அந்த வழி பூட்டியிருக்குமா, திறந்திருக்குமா, பூட்டுச் சாவி யாரிடம் இருக்கும்? பொறியியல் மாணவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். சுரங்கம் தோண்டும் இயந்திரத்தைப் பார்க்க உங்களை அழைத்துப் போவார்கள், போய்ப் பாருங்கள், பார்க்க வேண்டியதுதான். பார்த்துவிட்டு, வாசல்களின் வரைபடத்தைக் கேளுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு லஸ் முனையில் மாலை ஆறு மணிக்கு நின்று, பஸ் ஸ்டாப் எங்கே வரவேண்டும் என்று நீங்களே குறியுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு கேட்டால் சுரங்கப்பாதைதான் கிடைக்கும்.